அரசுப் பள்ளியின் கரண்ட் பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் "கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருது?" என்று கேட்பார். அதற்குள் டீ வந்துவிடும், பேச்சும் அத்தோடு நின்றுவிடும். நான் தொழிலில் எலக்ட்ரீஷியன். என் பிள்ளை படிக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் குழு உறுப்பினராகச் சேர்ந்த பிறகு இந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது. அப்புறம் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் இருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு போட வசதியாக யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். உங்கள் பில்லில் இருக்கிற விலையைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் எதைப் பார்ப்பது? ஃபேனையா, லைட்டையா?

இரண்டையும் அப்புறம் பார்க்கலாம். பள்ளி பூட்டியிருக்கும்போது என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். பள்ளி நடப்பது வருடத்துக்கு 200 நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்தாலும் 1,400 மணிதான். மீதி 7,360 மணி நேரம் கேட் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் சொல்லும் சிக்கன யோசனை பள்ளிக்கு அப்படியே பொருந்தாமல் போவது இதனால்தான். வகுப்பில் ஓடுகிற ஃபேன் ஆறு மணி நேரத்தில் நின்றுவிடும். யாரும் பார்க்காத ஒன்று ராத்திரி, ஞாயிறு, காலாண்டு லீவு, மே மாதம் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

பூட்டிய பள்ளியில் ஓடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பேனாவும் ஒரு பழைய நோட்டும் போதும். வெள்ளிக்கிழமை மாலை கடைசி ஆள் கிளம்பும்போது மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை முதல் ஆள் வந்ததும், மோட்டார் போடுவதற்கு முன்னால், இன்னொரு முறை குறியுங்கள்.

எங்கள் பள்ளியில் நான் முதல்முறை பார்த்தபோது வெள்ளி மாலை 5 மணிக்கு 48,213. திங்கள் காலை எட்டரைக்கு 48,240. 63.5 மணி நேரத்தில் 27 யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதாவது ஆளில்லாத பள்ளி சராசரியாக 425 வாட்டை விடாமல் தின்றிருக்கிறது. தலைமையாசிரியர் நம்பவில்லை. "நானே ரவுண்ட்ஸ் போய் எல்லா சுவிட்சையும் பார்த்துட்டுத்தாங்க போனேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், வகுப்பறைகளில் ஒரு சுவிட்சுகூட போட்டிருக்கவில்லை.

தேடியதில் மூன்று சிக்கின. மைதானத்து ஓரத்தில் இரண்டு சோடியம் விளக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் 150 வாட், சோக்கோடு சேர்த்தால் 170. மூன்று ராத்திரிக்கு அவை மட்டும் 13 யூனிட். ஹைடெக் லேபில் கம்ப்யூட்டர்கள் அணைந்திருந்தன, கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டுகிற யுபிஎஸ் மட்டும் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அது ஆறு யூனிட் சொச்சம். மூன்றாவது, ஆசிரியர் அறை வாசலில் நன்கொடையாக வந்த வாட்டர் கூலர். சனி, ஞாயிறு முழுக்க யாருக்கும் இல்லாத தண்ணீரைக் குளிர வைத்து ஏழு யூனிட்டை முடித்திருந்தது.

அந்த 425 வாட்டை 7,360 மணியோடு பெருக்கினால் வருடத்துக்கு 3,100 யூனிட்டுக்கு மேல், ஏறக்குறைய 25,000 ரூபாய். எங்கள் அளவுப் பள்ளிக்கு வருடத்துக்கு வருகிற பள்ளி மானியமே 75,000 ரூபாய்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான பணம் பூட்டிய கேட்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

ஒரே நாளில் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும், பல மீட்டர்களில் 3,200. பள்ளியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அப்போதும் மினுக்கினால் எங்கோ எதுவோ ஓடுகிறது, இல்லையென்றால் ஒயரிங்கில் கசிவு. ஒவ்வொரு கட்டடத்தின் மெயினையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பாருங்கள். எதை இறக்கும்போது மினுக்கு நிற்கிறதோ அந்தக் கட்டடத்தில்தான் ஆள் ஒளிந்திருக்கிறார்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது?

மைதான விளக்கு ராத்திரி 12 மணி நேரம் எரிகிறது என்றால் வருடத்துக்கு 4,380 மணி. ஒரு சோடியம் விளக்கு அதில் 745 யூனிட் இழுக்கும். நான்கு ஃபேன் உள்ள ஒரு வகுப்பறை வருடம் முழுக்க ஃபேனுக்குச் செலவழிப்பது 360 யூனிட். ஒரு கம்பத்து விளக்கு இரண்டு வகுப்பறையின் காற்றைத் தின்கிறது! 40 வாட் எல்இடி மாட்டி, இருட்டினால் எரிந்து விடிந்தால் அணைகிற சென்சாரும் வைத்துவிட்டால் 175 யூனிட்டில் முடிந்துவிடும். போட்ட பணம் வருடம் திரும்புவதற்குள் வந்துவிடும். எங்கள் பள்ளியில் இரண்டில் ஒன்றைக் கழற்றியே விட்டோம். கேட் அருகில் ஒன்று இருந்தால் போதும் என்று வாட்ச்மேனே சொன்னார்.

யுபிஎஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிசிடிவி அதே யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தனியாகப் பிரித்த பிறகுதான் யுபிஎஸ்ஸை அணைக்க வேண்டும். கோடை விடுமுறையில் மொத்தமாக அணைத்துப் போட்டால் பேட்டரி தானாக வடிந்து கெட்டுவிடும். மாதம் ஒருமுறை ஒரு நாள் போட்டு சார்ஜ் ஏற்றுங்கள். கூலருக்கு ஒரு டைமர் போதும்.

பழைய ஃபேன்களை எல்லாம் தூக்கிவிட்டு பிஎல்டிசி (குறைந்த கரண்ட்டில் ஓடும் புதுவகை மோட்டார்) ஃபேன் மாட்டச் சொல்கிறார்களே?

சொல்கிறவர்கள் பெரும்பாலும் விற்கிறவர்கள். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஏறக்குறைய 30. நாளுக்கு 6 மணி, 200 நாள் ஓடினால் பழையது 90 யூனிட், புதியது 36. மிச்சம் 54 யூனிட், அதாவது 432 ரூபாய். பிஎல்டிசி ஃபேன் விலை 2,800 என்றால் போட்ட பணம் திரும்ப ஆறரை வருடம். வீட்டில் நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேனுக்கு இரண்டு வருடத்தில் நியாயமாகிற செலவு பள்ளிக்கு அப்படி ஆவதில்லை.

அதனால் ஓடுகிற ஃபேனைக் கழற்றாதீர்கள். காயில் எரிந்து சாகிற ஃபேனுக்குப் பதில் வாங்கும்போது பிஎல்டிசியாக வாங்குங்கள். அப்போது சாதா ஃபேனைவிடக் கூடுதலாகும் பணம்தான் கணக்கு, அது மூன்று வருடத்தில் வந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். இந்த ஃபேன்கள் பலவும் ரிமோட்டில் ஓடுபவை. பள்ளியில் ரிமோட் ஒரு வாரம் தங்காது. 8ஆம் வகுப்பில் நான்கு ஃபேனுக்கு நான்கு ரிமோட் கொடுத்தோம். மறுநாள் ஒரு ரிமோட்டில் மூன்று ஃபேன் ஓடின, நான்காவது ஓடவே இல்லை. சுவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறுகிற மாடலோ, சுவர் ரெகுலேட்டரோடு வருவதோ வாங்குங்கள். சாதா ஃபேனின் பழைய ரெகுலேட்டரில் பிஎல்டிசியைக் கொடுக்கக் கூடாது, ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று புகார் வந்தால் முதலில் இறக்கையைத் துடையுங்கள். அடுத்து கண்டன்சரை மாற்றுங்கள், நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பத்தில் ஏழு ஃபேன் அதிலேயே சரியாகிவிடுகிறது. பெட்டி மாதிரி சூடாகிற பழங்கால ரெகுலேட்டர் இன்னும் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். வேகத்தைக் குறைத்தாலும் அந்தக் கரண்ட்டை அது சூடாக்கித்தான் தீர்க்கும்.

டியூப்லைட்?

இதில் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பழைய 40 வாட் குழல் சோக்கோடு 52 வாட் இழுக்கும், எல்இடி 20. நாளுக்கு மூன்று மணி எரிந்தாலே வருடத்துக்கு 150 ரூபாய் மிச்சம். விலை ஒன்றரை வருடத்தில் எழுந்துவிடும். பழைய பட்டியிலேயே எல்இடி குழலை மாட்டும்போது சோக், ஸ்டார்ட்டரை எலக்ட்ரீஷியன் கழற்றி நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். கழற்றிய குழல்களைக் கழிப்பறைப் பின்னால் குவித்து வைக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, பையன்கள் அதை எடுத்துச் சிலம்பம் சுற்றுவார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஜன்னலைப் பாருங்கள். பல வகுப்புகளில் ஜன்னலை மறைத்து பீரோ நிற்கும், மேலே சார்ட் ஒட்டியிருக்கும். பட்டப்பகலில் நான்கு லைட்டும் எரியும். பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, ஜன்னல் ஓர வரிசை லைட்டுக்குத் தனி சுவிட்ச் கொடுத்தால் மழைக்காலம் தவிர மற்ற நாளில் அந்த வரிசை தேவைப்படாது.

மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. அதற்கும் பில்லுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினமும் ஒரு மணி நேரம் வழிந்தால் வருடத்துக்கு 200 யூனிட், 1,600 ரூபாய். தண்ணீர் தனி. தொட்டி நிரம்பியதும் தானாக அணைகிற கண்ட்ரோலர் ஒன்று மாட்டிவிட்டால் வாட்ச்மேனுக்கும் நிம்மதி.

தொட்டி வழியாமலே மோட்டார் அதிக நேரம் ஓடினால் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிகளைப் பாருங்கள். ஒழுகுகிற சத்தம் வகுப்பு நேரத்தில் கேட்காது, ஐந்து மணிக்கு மேல் போய் நின்றால் கேட்கும். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கெட்டிருந்தால் மோட்டார் தண்ணீர் எடுக்கவே பத்து நிமிடம் சும்மா ஓடும்.

பில்லிலேயே தப்பு இருக்க வாய்ப்பு உண்டா?

நிறைய உண்டு. எல்லாவற்றிலும் சுலபமாக மிச்சமாகிற பணம் இதுதான், ஒரு ஸ்குரூகூடத் திருக வேண்டியதில்லை. பள்ளியின் எல்லா இணைப்பு எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டடத்துக்கு என்று தேடிப் பாருங்கள்.

ஒரு பள்ளியில் ஐந்து எண்ணுக்குப் பில் வந்துகொண்டிருந்தது, கட்டடம் நான்குதான். ஐந்தாவது, எப்போதோ இடித்துவிட்ட ஓட்டுக் கட்டடத்துடையது. மீட்டர் சுவரோடு போய்விட்டது, நிலைக்கட்டணம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரத்து செய்தோம்.

அடுத்தது தாரிஃப், அதாவது கட்டண வகை. அரசுக் கல்வி நிலையங்களுக்குத் தாழ்வழுத்தத்தில் 2பி(1) என்று தனி வகை இருக்கிறது. உங்கள் பில்லில் வணிக வகையான 5 என்று இருந்தால் மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். புதுக் கட்டடம் கட்டும்போது ஒப்பந்ததாரர் வாங்கிய தற்காலிக இணைப்பு அப்படியே தொடர்வதும் உண்டு. அதன் விலை அதிகம்.

கடைசியாக, அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது ஒரே நேரத்தில் இவ்வளவு இழுக்கலாம் என்று வாரியம் அனுமதித்த அளவு. நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருகிறது. எல்இடி, பிஎல்டிசி எல்லாம் மாற்றிய பிறகு உண்மையான தேவை குறைந்திருந்தால் லோடு குறைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். ஸ்மார்ட் வகுப்பறை, புது லேப் வரப்போகிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குறைத்துவிட்டு மீறினால் அபராதம்.

மாடி வகுப்பு மதியத்துக்கு மேல் அடுப்பாக இருக்கிறது. கூடுதல் ஃபேன் போடலாமா?

சூடான காற்றை இன்னும் வேகமாகச் சுற்றிவிடும், அவ்வளவுதான். கூரை கான்கிரீட் காலை முழுக்க வெயிலை வாங்கி மதியம் உள்ளே இறக்குகிறது. அந்த வெயிலை மேலேயே திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளை பூசினாலே பெரும் பகுதி திரும்பிவிடும். இதற்கென்று விற்கிற வெப்பத் தடுப்புப் பெயின்ட் சில வருடம் தாங்கும். பணம் இல்லையா, மார்ச் மாதக் கடைசியில் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடியுங்கள், அந்தக் கோடை தாண்டும். பூசுவதற்கு முன் விரிசலையும் தண்ணீர் போகும் வழியையும் சரிசெய்யாவிட்டால் முதல் மழையில் எல்லாம் போய்விடும்.

நம் பழைய ஆட்கள் இதைத் தெரிந்துதான் கூரைமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

மேற்குப் பக்கம் இடம் இருந்தால் புங்கை வையுங்கள். நாலைந்து வருடத்தில் அந்தச் சுவர் நிழலுக்குள் வந்துவிடும்.

சோலார் போட்டால் பில்லே வராது என்கிறார்களே?

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஏறக்குறைய 100 சதுர அடி இடம் கேட்கும். பள்ளி மாடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில். வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் பள்ளி மூடியிருக்கும். அந்தக் கரண்ட்டை வாரியத்துக்கு அனுப்பி, அதற்கு என்ன கணக்கில் வரவு வைக்கிறார்கள் என்பதுதான் மொத்த லாபத்தையும் தீர்மானிக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை எழுத்தில் வாங்குங்கள்.

பேட்டரி உள்ள சோலார் வேண்டாம் என்பது என் கருத்து. நாலைந்து வருடத்தில் பேட்டரி போகும், மாற்ற யாரும் பணம் தரமாட்டார்கள், பேனல் மாடியில் அழகுப் பொருளாக நிற்கும். அப்படி நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன். பேட்டரி இல்லாத வகையில் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

எப்படியும் முதலில் வீணைக் குறைத்துவிட்டு, மிஞ்சுகிற தேவைக்கு சோலார் போடுங்கள். வீணாகிற 425 வாட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவானேன்?

லேபில் ஏசி இருக்கிறது.

24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் வரை மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. கதவிடுக்கை அடைத்து, ஃபில்டரைக் கழுவுங்கள்.

சத்துணவுக் கூடத்தில்?

அங்கே மிச்சமாவது கரண்ட் அல்ல, எரிபொருள். பருப்பையும் சுண்டலையும் ஊறவைப்பது, மூடி போட்டு வேகவைப்பது. ஆயாம்மாக்களுக்கு இதை நாம் சொல்லித்தரத் தேவையில்லை. மூடி உடைந்திருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

மிச்சமாகிற பணம் பள்ளிக்கு வருமா?

நேர்மையாகச் சொன்னால், பல இடங்களில் வராது. பில்லை ஓரிடத்தில் துறை கட்டுகிறது, ஓரிடத்தில் உள்ளாட்சி, ஓரிடத்தில் பள்ளி மானியத்திலிருந்து போகிறது. மானியத்திலிருந்து போகும் பள்ளிக்கு மிச்சம் கண்ணுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, கட்டுகிறவர் ஒருவர், சுவிட்சை அணைக்கிறவர் இன்னொருவர். இந்த ஒரு காரணத்தால்தான் மைதான விளக்கு பகலிலும் எரிகிறது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1990களில் இதற்கு ஒரு வழி செய்தது. பள்ளி எவ்வளவு மிச்சம் பிடிக்கிறதோ அதில் பாதி பள்ளிக்கே, பாதி நகராட்சிக்கு. பெயரே 'ஐம்பதுக்கு ஐம்பது'. பிற நகரங்களும் எடுத்துக்கொண்டன. நம் ஊரில் குழுத் தீர்மானமாக இப்படி ஒன்றைக் கேட்டு எழுதுவதில் தப்பில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் குழுவுக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் போடும் வேலையைக் கொடுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

ஆரம்பச் செலவுக்குப் பணம்?

சமக்ர சிக்ஷா என்ற மத்திய, மாநில அரசுகளின் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சின்னப் பழுதுகளுக்கு அதில் இடம் உண்டு. பெரிய செலவுக்கு தமிழ்நாடு அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம். கேட்கும்போது "ஏதாவது செய்யுங்க" என்று கேட்டால் பீரோ வரும், இல்லையென்றால் இன்னொரு வாட்டர் கூலர். "பத்து எல்இடி குழல், ஒரு சென்சார்" என்று எழுதிக் கொடுங்கள்.

கழற்றிய பழைய ஃபேனைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் இருக்கிற பொருள் அது. முறைப்படி கண்டம் செய்த, அதாவது இனி பயன்படாது என்று பதிவு செய்த பிறகுதான் வெளியே போக வேண்டும், ஆடிட்டில் தலைமையாசிரியர் மாட்டிக்கொள்வார்.

பிள்ளைகளை இதில் இறக்கலாமா?

மீட்டர் பார்க்க, கணக்கு எழுத, தாராளமாக. 10ஆம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தில் கிலோவாட் மணி வருகிறது. அதைக் கரும்பலகையில் நடத்துவதற்குப் பதில் மீட்டர் பெட்டி முன்னால் நடத்தலாம். எங்கள் பள்ளியில் இரண்டு பெண் பிள்ளைகள் தினமும் காலையும் மாலையும் ரீடிங் எழுதுகிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை "ராத்திரி ஆறு யூனிட் கூடியிருக்கு அண்ணா" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். விசாரித்ததில் முந்தின நாள் மாலை போட்ட மோட்டாரை யாரும் அணைக்கவில்லை. ஸ்குரூ டிரைவர், ஏணி, சுவிட்ச் பெட்டி ஆகியவை மட்டும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது?

எர்த், லோடு கூடினால் துண்டிக்கிற எம்சிபி, கசிவு வந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி. ஈரச் சுவர், வாட்டர் கூலர், மோட்டார் உள்ள இடத்தில் இது இல்லையென்றால் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு இதை முதலில் செய்யுங்கள். கழிப்பறை விளக்கையும் அணைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இருட்டாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் உள்ளே போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் செய்தும் பில் குறையவில்லையே?

ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். கட்டணம் ஏறியிருக்கலாம். போன பில்லோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதப் பில்லோடு ஒப்பிடுங்கள். மே மாதத்தையும் ஜூலையையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. கணக்கெடுக்க வந்தவர் பள்ளி பூட்டியிருந்ததால் சராசரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், அதன் வித்தியாசம் அடுத்த பில்லில் மொத்தமாக வரும். இதெல்லாம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலை மீட்டர் முன்னால் இன்னொரு முறை போய் நில்லுங்கள். எங்கள் பள்ளியில் ஆறு மாதம் கழித்து அப்படி நின்றபோது யாரோ இரக்கப்பட்டு வாட்டர் கூலரின் டைமரைக் கழற்றி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் சில்லென்று இல்லையாம்.